பில்லில் அச்சாகாத பசுமை வரி

பாகலூர் என்று இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று பெங்களூரு விமான நிலையத்தை ஒட்டிக் கர்நாடகத்தில் இருப்பது. இன்னொன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வட ஓரத்தில், ஓசூரிலிருந்து மாலூர் போகும் சாலையில் இருப்பது. இந்தக் கட்டுரை இரண்டாவது ஊரில் தொடங்கி இலங்கை வரை போகிறது. ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்களும், ஓசூர் சிப்காட்டின் பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறைகளும் இங்கே அக்கம்பக்கமாக இருக்கின்றன. ஒரே டீக்கடையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கேட்கும்.

இங்கே தொழில் செய்கிறவர்களுக்கு இரண்டு மாநிலத்துக் கரண்ட் பில்லும் அத்துப்படி. எல்லைக்கு இந்தப் பக்கம் பட்டறை, அந்தப் பக்கம் குடோன் என்று வைத்திருப்பவர்கள் உண்டு. இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை பில்லில் மின்வரி 5 சதவீதம். அந்தப் பக்கம் பெங்களூரு மின்விநியோக நிறுவனமான பெஸ்காமின் பில்லில் 9 சதவீதம். சாலையில் பத்து நிமிடம் போனால் வரி ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்.

இந்த வரியிலிருந்துதான் காற்றாலையும் சோலாரும் வளர்கின்றன என்று பலர் நம்புகிறார்கள். "அதுக்குத்தானே சார் கட்டறோம்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது உண்மையில்லை. 5 சதவீதமும் 9 சதவீதமும் அந்தந்த மாநில அரசின் பொதுக் கணக்கில் சேர்கின்றன. அங்கிருந்து சம்பளமாகலாம், சாலையாகலாம், இலவச மின்சாரத்துக்கான மானியமாகவும் ஆகலாம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இந்த வரி கிடையாது. 2016 மே மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமும் கிடையாது.

இலங்கையிலும் அச்சான வரியைப் பொறுத்தவரை கதை இதுதான். யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ வீட்டுக்கு வரும் லைட் பில்லை எடுத்துப் பாருங்கள். 2022 அக்டோபருக்குப் பிறகு அதில் 2.5 சதவீதத்துக்கு ஒரு வரி ஏறியிருக்கும். சமூகப் பாதுகாப்பு பங்களிப்பு வரி என்று அதற்குப் பெயர். நாடு கடனில் விழுந்தபோது திறைசேரிக்கு வருமானம் தேடி விதித்தது அது. சூரியனுக்கும் காற்றுக்கும் அதில் பங்கில்லை.

ஆனாலும் இரண்டு நாட்டிலும் பசுமை மின்சாரத்துக்கான காசில் பெரும்பகுதி கரண்ட் பில்லிலிருந்துதான் போகிறது. அச்சான வரியில் இல்லாமல், யூனிட் விலைக்குள் புகுந்து போகிறது. எப்படிப் புகுந்தது, எவ்வளவு புகுந்தது, போன காசு என்ன ஆனது என்று பார்த்தால் இரு நாடுகளும் வேறு வேறு வழியில் போயிருப்பது தெரியும். எனக்குத் தெரிந்தவரை இரண்டு வழியும் நேர்வழியல்ல.

இந்தியாவில் தொடங்குவோம், தொகை இங்கேதான் பெரிது.

2010 பட்ஜெட்டில் நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி நிலக்கரி மீது டன்னுக்கு 50 ரூபாய் 'தூய எரிசக்தி செஸ்' விதித்தார். உள்நாட்டில் தோண்டியதானாலும் கப்பலில் இறக்கியதானாலும் கட்ட வேண்டும். அந்தக் காசு தேசிய தூய எரிசக்தி நிதி என்ற தனிப் பெட்டிக்குப் போகும், அதிலிருந்து காற்றாலை, சோலார், அவற்றுக்கான ஆராய்ச்சி, மின்பாதை எல்லாவற்றுக்கும் பணம் கிடைக்கும் என்பது ஏற்பாடு. அழுக்கு செய்பவனிடம் வாங்கிச் சுத்தம் செய்பவனுக்குக் கொடுப்பது. யோசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2014-ல் செஸ் 100 ரூபாயானது, 2015-ல் 200, 2016-ல் 400. ஆறே ஆண்டில் எட்டு மடங்கு.

இதைக் கட்டியது யார்? நிலக்கரி நிறுவனம் கட்டியது என்பது கணக்குக்காகச் சொல்வது. மேட்டூர் அனல்மின் நிலையத்தின் கொதிகலனில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 650 முதல் 700 கிராம் நிலக்கரி எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டன்னுக்கு 400 ரூபாய் என்றால் கிலோவுக்கு 40 பைசா. ஆக, நிலக்கரி மின்சாரத்தின் ஒவ்வொரு யூனிட்டிலும் 26 முதல் 28 பைசா வரை இந்த செஸ் உட்கார்ந்திருந்தது. அது உற்பத்திச் செலவில் சேரும். உற்பத்திச் செலவு கட்டண ஆணையில் சேரும். கட்டண ஆணை பாகலூர் பட்டறையின் பில்லில் வந்து இறங்கும். பில்லில் மட்டும் அந்தப் பெயர் எங்கும் இருக்காது. கடைசிவரை கைமாற்றிவிடப்படுகிற வரி என்பதால் யாரும் அதற்காகக் கொடி பிடிக்கவில்லை, யாரும் கணக்கும் கேட்கவில்லை.

2010-11 முதல் 2017-18 வரை இப்படி வசூலானது 86,000 கோடி ரூபாய்க்கு மேல். இது நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த கணக்கு. அதில் தூய எரிசக்தி நிதிப் பெட்டிக்கு மாற்றப்பட்டது சுமார் 29,600 கோடி. பெட்டியிலிருந்து திட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தது சுமார் 15,900 கோடி. காற்றுக்கும் வெயிலுக்கும் என்று சொல்லி வாங்கிய நூறு ரூபாயில் பதினெட்டு ரூபாய்தான் சொன்ன வேலைக்குச் சென்றது. மீதி பொதுக் கணக்கில் கரைந்தது.

2017 ஜூலை 1-ம் தேதி ஜிஎஸ்டி வந்தது. அந்த செஸ் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அதே 400 ரூபாய் அதே நிலக்கரி மீது 'ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ்' என்ற பெயரில் தொடர்ந்தது. இம்முறை காசு போனது, ஜிஎஸ்டியால் வருவாய் இழந்த மாநிலங்களுக்கு. பிறகு கொரோனா காலத்தில் அந்த இழப்பீட்டுக்காக வாங்கிய கடனை அடைப்பதற்கு. 2025 செப்டம்பர் 22-ல் அதையும் எடுத்துவிட்டு நிலக்கரி மீதான ஜிஎஸ்டியை 5-லிருந்து 18 சதவீதமாக்கினார்கள். பாகலூர்க்காரர் இந்தப் பதினைந்து ஆண்டுகளில் வெவ்வேறு பெயரில் ஒரே காசைக் கட்டியிருக்கிறார். முதல் ஏழு ஆண்டுக்காவது அதில் பசுமை என்ற பெயர் இருந்தது.

அந்தப் பதினெட்டு ரூபாயும் வீண் என்று சொல்ல மாட்டேன். பசுமை மின்வழித்தடம் என்ற திட்டத்தில் தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலங்களில் காற்று, சூரிய மின்சாரத்தைச் சுமந்து செல்ல உயரழுத்தப் பாதைகள் போட்டார்கள். மாநிலங்களுக்குள் அமைந்த பாதைகளின் செலவில் 40 சதவீதம் மத்திய மானியம், 40 சதவீதம் ஜெர்மன் வங்கிக் கடன், மீதி 20 மாநிலத்தின் பங்கு. மானியத்துக்கு இந்த நிதி உதவியது. ஆரல்வாய்மொழியிலும் கயத்தாறிலும் சுழலும் காற்றாலையின் மின்சாரம் ஓசூருக்கு வர வேண்டுமானால் பாதை வேண்டும். பாதைக்குக் கேட்டு வாங்கிய காசு பாதைக்குப் போன இடம் அது.

மத்திய அரசை விடுவோம். மாநிலங்களும் முயன்றன. எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தின் 2009-14 புதுப்பிக்கத்தக்க எரிசக்திக் கொள்கை, தொழில், வணிக இணைப்புகளில் யூனிட்டுக்கு 5 பைசா பசுமை செஸ் வாங்கி 'அட்சய சக்தி நிதி' என்று ஒன்றை உருவாக்கப்போவதாகச் சொன்னது. மகாராஷ்டிரம் 2004-லேயே தொழில், வணிக மின்சாரத்தில் யூனிட்டுக்கு 4 பைசா தொடங்கிவிட்டது.

தமிழ்நாடு எடுத்த வழி வேறு. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் ஓசூர் வட்டாரத்தை நேரடியாகத் தொட்டது அதுதான்.

2012 என்றால் இங்கே யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மின்வெட்டு. ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத பட்டறைகள், டீசல் ஜெனரேட்டர் புகை, இரவு ஷிஃப்டை மாற்றி மாற்றிப் போட்ட மேஸ்திரிகள். அந்த ஆண்டு அக்டோபரில் ஜெயலலிதா அரசு சூரிய எரிசக்திக் கொள்கையை வெளியிட்டது. மூன்று ஆண்டில் 3,000 மெகாவாட் இலக்கு. அதற்குக் காசு? உயரழுத்த இணைப்புள்ள எச்.டி. நுகர்வோர் தங்கள் மின்சாரத்தில் முதலில் 3 சதவீதம், 2014 ஜனவரி முதல் 6 சதவீதம் சூரிய மின்சாரமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். சொந்தக் கூரையில் போடலாம், வெளியில் வாங்கலாம், இல்லையென்றால் மின்வாரியத்திடம் அதற்கான விலையைக் கட்டலாம். வீடுகளுக்கு நேர்மாறான ஏற்பாடு: கூரையில் சோலார் வைத்தால் முதல் இரண்டு ஆண்டு யூனிட்டுக்கு 2 ரூபாய், அடுத்த இரண்டு ஆண்டு 1 ரூபாய், அதற்கடுத்த இரண்டு ஆண்டு 50 பைசா ஊக்கத்தொகை.

செஸ் என்று பெயர் வைக்காத செஸ் இது. ஆனால் ஒரு நேர்மை இருந்தது. யார் கட்ட வேண்டும், எவ்வளவு, எதற்கு மூன்றும் காகிதத்தில் தெளிவாக இருந்தன. நூற்பாலைகள் வழக்குப் போட்டன. ஏற்கெனவே வாரியத்திடம் முழு விலை கொடுத்து வாங்குகிற நுகர்வோர் மீது தனியாக இன்னொரு கடமையைச் சுமத்த முடியாது என்ற வாதம் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் வென்றது. 2014 தொடக்கத்தில் ஆணை ரத்தானது. சட்டப்படி தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். விளைவு என்னவென்றால், கண்ணுக்குத் தெரிந்த ஒரே வழி மூடப்பட்டு, கண்ணுக்குத் தெரியாத வழிகள் மட்டும் மிஞ்சின.

அவற்றில் முக்கியமானது கொள்முதல் கட்டாயம். மின்வாரியம் தான் விற்கும் மின்சாரத்தில் இத்தனை சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரமாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, 2029-30-க்குள் 43.33 சதவீதம் என்று மத்திய அரசு படிக்கட்டு போட்டிருக்கிறது. அந்தக் கட்டாயத்துக்காக வாரியம் என்ன விலை கொடுத்தாலும் அது பில்லில் சேரும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் ஓடத் தொடங்கிய 648 மெகாவாட் சூரியப் பூங்காவின் மின்சாரம் யூனிட் 7 ரூபாய் 1 பைசாவுக்கு ஒப்பந்தமானது. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டு ஏலத்தில் சோலார் விலை 3 ரூபாய் 47 பைசாவுக்கு இறங்கிவிட்டது. பழைய ஒப்பந்தத்துக்கு ஆயுள் 25 ஆண்டு. புதிய விலைக்கும் பழைய விலைக்கும் உள்ள அந்த மூன்றரை ரூபாய் வித்தியாசம்தான் உண்மையான பசுமை வரி. 2040-க்குப் பிறகும் நம் பிள்ளைகள் கட்டுவார்கள். பில்லில் அதற்கும் பெயர் கிடையாது.

இன்னொன்று காற்றாலை. தமிழகத்தின் காற்றாலைகளில் பெரும்பாலானவை நூற்பாலைக்காரர்களும் வாகன உதிரிபாக ஆலைகளும் சொந்தப் பயன்பாட்டுக்கென நிறுவியவை. முதல் ஆண்டிலேயே முதலீட்டில் பெரும்பகுதியைத் தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற சலுகை இல்லாவிட்டால் முப்பந்தலில் இத்தனை விசிறி சுழன்றிருக்காது. நீண்ட காலம் அந்தத் தேய்மானம் 80 சதவீதமாக இருந்தது. 2017-ல் 40 ஆனது. அரசு வாங்காமல் விட்ட வரியும் யாரோ கட்டிய காசுதான். ஓசூரின் பெரிய ஆலைகள் கூட்டு உரிமை முறையில், 26 சதவீதப் பங்கு வைத்து 51 சதவீத மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, தென் மாவட்டக் காற்றை மலிவாக வாங்க முடிகிறது. பாகலூர்ப் பட்டறைக்கு அந்தக் கதவு பெரும்பாலும் சாத்தியிருக்கிறது. அதன் மின்தேவை சிறியது. காற்றாலைக்குச் சலுகை தந்த செலவில் அதற்கும் பங்கு உண்டு, பலனில் இல்லை. இந்தியப் பகுதியில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

இனி இலங்கை.

அங்கே சட்டம் அழகாக எழுதப்பட்டது. 2007-ம் ஆண்டின் 35-ம் இலக்கச் சட்டத்தால் இலங்கை நிலைபேறான வலுசக்தி அதிகாரசபை உருவானது. அதனுடன் ஒரு நிதியமும். 2008-ல் வந்த தேசிய வலுசக்திக் கொள்கை 2015-க்குள் மின்சாரத்தில் 10 சதவீதம் சிறு நீர்மின், காற்று, சூரியன் போன்றவற்றிலிருந்து வர வேண்டும் என்றது. அதற்கான ஊக்கத்தொகை ஒரு செஸ்ஸிலிருந்தும் வெளிநாட்டு நன்கொடையிலிருந்தும் வர வேண்டும், மின் நுகர்வோரின் கட்டணத்தில் சுமையாக ஏறக்கூடாது என்பது அதன் நிலைப்பாடு. இந்தியாவின் நிலக்கரி செஸ்ஸுக்கு இரண்டு ஆண்டு முன்பே எழுதப்பட்டது இது.

எழுதியது ஒன்று, நடந்தது வேறு. காசு பெரும்பாலும் மின்சார சபையின் கல்லாவிலிருந்தே போனது. சிறு உற்பத்தியாளரிடம் நிர்ணயித்த விலைக்கு வாங்கும் ஒப்பந்த முறை 1990-களின் நடுவிலேயே தொடங்கியிருந்தது. மலையகத்து ஓடைகளில் சிறு நீர்மின் நிலையங்கள் பெருகியது அதனால்தான். கிராமத்து வீடுகளுக்குச் சோலார் விளக்கு வந்தது உலக வங்கிக் கடனில். 2016 செப்டம்பரில் 'சூரிய பல சங்கிராமய' என்று பெரிய முழக்கத்தோடு கூரை சோலார் திட்டம் தொடங்கியது. கூரையில் உற்பத்தியாகி மிஞ்சும் மின்சாரத்துக்கு முதல் 7 ஆண்டு யூனிட்டுக்கு 22 ரூபாய், 8-ம் ஆண்டிலிருந்து 20-ம் ஆண்டு வரை 15 ரூபாய் 50 சதம் என்று சபை எழுதிக் கொடுத்தது. அதே நேரத்தில் தமிழ்நாட்டு வீட்டுக்காரருக்கு இப்படி ஒரு விலை கனவிலும் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது கட்டணத்தைத்தான். 2014 செப்டம்பரில் மகிந்த ராஜபக்ச கட்டணத்தை 25 சதவீதம் குறைத்தார். அதன்பின் 2022 ஓகஸ்ட் வரை ஏறக்குறைய எட்டு ஆண்டு யாரும் கை வைக்கவில்லை. 30 யூனிட்டுக்குக் கீழே பாவிக்கும் வீட்டுக்கு யூனிட் 2 ரூபாய் 50 சதம். செலவு ஏறிக்கொண்டே போனது, பில் நின்ற இடத்திலேயே நின்றது. நடுவில் இருந்த பள்ளத்தைச் சபை வங்கிக் கடனால் நிரப்பியது. ஆக இலங்கையில் அந்த எட்டு ஆண்டு பசுமை வரியை நுகர்வோர் கட்டவில்லை, சபையின் கடன் கட்டியது. கொள்கை ஆவணம் கேட்டது போலவே கட்டணத்தில் சுமை ஏறவில்லை. ஆனால் அது யாரும் திட்டமிட்ட வழியல்ல.

கடன் ஒரு நாள் கதவைத் தட்டியது. 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதம். 2 ரூபாய் 50 சதம் கொடுத்த ஏழை வீடு யூனிட்டுக்கு 30 ரூபாயும் மாதம் 400 ரூபாய் நிலையான கட்டணமும் கொடுக்க வேண்டியதாயிற்று. முதன்மைக் காரணம் எரிபொருள் விலையும் ரூபாய் வீழ்ச்சியும்தான், சோலார் அல்ல. சொல்லப்போனால் அந்த இரண்டு ஆண்டில் சபை வாங்கியவற்றில் மலிவானவற்றுள் கூரை மின்சாரமும் ஒன்று. கணக்குப் பாருங்கள்: 2016-ல் ஒரு டொலர் 145 ரூபாய் அளவில் இருந்தது, 22 ரூபாய் என்பது 15 அமெரிக்க சதம். டொலர் 330-ஐத் தாண்டியபோது அதே 22 ரூபாய் 7 சதத்துக்கும் கீழே போய்விட்டது. டீசல் டொலர் விலையில் வந்தது. கூரை வெயில் பழைய ரூபாய் விலையிலேயே நின்றது.

கமுதியின் 7 ரூபாய் 1 பைசாவை இதனுடன் ஒப்பிட்டால் ஒரு விசித்திரம் தெரியும். இந்தியாவில் விலைவாசி நிதானமாக ஏறியதால் பழைய பசுமை ஒப்பந்தம் இன்னும் கனமாகத் தோளில் இருக்கிறது. இலங்கையில் ரூபாய் நொறுங்கியதில் பழைய ஒப்பந்தத்தின் சுமை கரைந்தது. ஆனால் வங்கிக் கடன் வாங்கிக் கூரையில் தகடு போட்ட ஆசிரியரும் கடைக்காரரும் அந்த நட்டத்தைச் சுமந்தார்கள். அதோடு சபை மாதக்கணக்கில் நிலுவை வேறு வைத்தது. தமிழ்நாட்டில் பசுமை வரியைத் தொழிற்சாலை கட்டியது. இலங்கையில் முதலில் சபையின் கடன் கட்டியது, பிறகு கூரை வைத்தவரே ஒரு பங்கைக் கட்டினார்.

பிறகு கூரைகள் பெருகின. 2025-க்குள் இலங்கையின் கூரை சோலார் 1,000 மெகாவாட்டைத் தாண்டியது. 22 மில்லியன் மக்கள் உள்ள சின்ன நாட்டுக்கு இது பெரிய எண். அந்த ஆண்டு பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை பகல், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்டது. குரங்கைப் பற்றிய பகிடிகள் ஓயும் முன் ஏப்ரல் வந்தது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் ஆலைகள் மூடியிருக்க, பகல் வெயிலில் கூரைகள் எல்லாம் மின்சாரத்தைக் கொட்ட, வலையமைப்பு தாங்காது என்று சொல்லி 13-ம் தேதியிலிருந்து 21-ம் தேதி வரை பகலில் சோலாரை அணைத்துவையுங்கள் என்று சபை வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. சேமிக்க பெட்டரி இல்லை, கொண்டுசெல்லப் பாதையில்லை. தகட்டுக்கு விலை கொடுத்தார்கள். வலையமைப்புக்கென்று ஒரு நிதியைக் கட்டி வளர்க்கவில்லை. 2007 சட்டத்தின் நிதியம் அன்றே செஸ்ஸால் நிரம்பியிருந்தால் இந்த வேலைக்கு உதவியிருக்கும்.

தமிழ்நாட்டில் தவறு எதிர்த்திசையில் நடந்தது. 2021 அக்டோபரில் மாநில ஒழுங்குமுறை ஆணையம் கூரை சோலாருக்கு வலையமைப்புக் கட்டணம் கொண்டுவந்தது. தாழ்வழுத்த இணைப்புள்ள பட்டறை தன் கூரையில் உற்பத்தி செய்யும் யூனிட்டுக்கு ஒரு ரூபாய்க்கு மேல் வாரியத்துக்குக் கட்ட வேண்டியிருந்தது. பாகலூர் சாலையில் கடன் வாங்கி 30 கிலோவாட் போட்டவர்கள் கொதித்ததில் ஆச்சரியமில்லை: "என் கூரை, என் வெயில், என் மெஷின், உனக்கு எதுக்குக் காசு?" 2023-ல் சிறு தொழில்களுக்கு அந்தக் கட்டணம் பாதியாகக் குறைக்கப்பட்டது.

கொதிப்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஆனால் முழு நியாயம் இல்லை. மாலை ஆறு மணிக்கு வெயில் போனதும் அந்தப் பட்டறை வாரியத்தின் கம்பியில்தான் ஓடுகிறது. கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், லைன்மேன் எல்லாவற்றுக்கும் யாரோ கட்டியாக வேண்டும். வசதியுள்ளவர் கூரைக்கு நகர்ந்துவிட்டால் வசதியில்லாதவர் தலையில் அது விழும். இலங்கை கண்ட பாடம் இதுவேதான். என் ஆட்சேபணை கட்டணத்தின் மீது அல்ல, அது எந்தப் பெட்டிக்குப் போகிறது என்பதன் மீது. வலையமைப்புக்கென்று வாங்கிய காசில் எந்த டிரான்ஸ்ஃபார்மர் மாறியது, எந்த பீடர் பலப்பட்டது என்று ஓசூர் மின்பகிர்மான வட்டத்தின் பக்கம் ஒரு தாளாவது தொங்கினால் பாதிக் கோபம் அடங்கும்.

மூன்றாவது ஒரு நாட்டில் இதை நேராகச் செய்கிறார்கள். மலேசியத் தமிழர் வீட்டுக் கரண்ட் பில்லைப் பாருங்கள். 2011 டிசம்பரிலிருந்து பில் தொகையில் 1 சதவீதம், 2014 ஜனவரியிலிருந்து 1.6 சதவீதம், புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கு என்று தனி வரியில் அச்சாகிறது. மாதம் 300 யூனிட்டுக்குள் பாவிக்கும் வீட்டுக்கு விலக்கு. காசை நிர்வகிப்பது 2011-ல் தனிச் சட்டத்தால் உருவான அமைப்பு. சிறு நீர்மின், கழிவிலிருந்து வாயு, கூரை சோலார் என்று நிர்ணயித்த விலைக்கு வாங்க அது போகிறது. சதவீதம் சிறியது, அதனால் வளர்ச்சியும் மெதுவானது என்று அங்கே குறை உண்டு. ஆனால் கிள்ளானில் வாழும் ஒரு குடும்பம் தான் காற்றுக்கும் வெயிலுக்கும் மாதம் எத்தனை ரிங்கிட் கட்டுகிறது என்று பில்லைப் பார்த்தே சொல்லிவிடும். பாகலூரிலும் வவுனியாவிலும் அது முடியாது.

பில்லில் அச்சிடுவதில் ஆபத்தும் உண்டு. ஜெர்மனி அச்சிட்டது. அங்கே அந்தப் பசுமை வரி 2017-ல் யூனிட்டுக்கு 6.88 செண்ட் வரை போனது, வீட்டுக்காரர்கள் முணுமுணுத்தார்கள், பெரிய ஆலைகளுக்கு மட்டும் ஏன் சலுகை என்று கேட்டார்கள். 2022 ஜூலையில் அந்த வரியைப் பூஜ்யமாக்கி அரசு பட்ஜெட்டுக்கு மாற்றினார்கள். என்றாலும் அந்த வரி இருந்த இருபது ஆண்டில் உலகத்துக்கே சோலார் விலை விழுந்ததற்கு அந்த முணுமுணுத்த வீட்டுக்காரர்கள் கட்டிய காசு ஒரு முக்கியக் காரணம். கண்ணுக்குத் தெரிந்ததால் சண்டை நடந்தது, சண்டை நடந்ததால் மாறியது. நம் நிலக்கரி செஸ் கண்ணுக்குத் தெரியவில்லை. 86,000 கோடியில் 70,000 கோடி வேறெங்கோ போனபோது ஒரு ஊரிலும் ஒரு கூட்டம் நடக்கவில்லை.

இந்தியாவில் 2024-ல் தொடங்கிய பிரதமர் சூரிய வீட்டுத் திட்டம் 3 கிலோவாட் கூரைக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. மொத்த ஒதுக்கீடு 75,021 கோடி. இது பட்ஜெட் பணம், எல்லாரும் கட்டும் வரி. அந்த வகையில் பில்லில் ஏற்றுவதைவிட நல்லது என்பேன். சொந்தக் கூரை இல்லாத வாடகை வீட்டுக்காரர் என்ன செய்வார் என்ற கேள்வி மட்டும் தீரவில்லை. பாகலூரில் ஆலைத் தொழிலாளர்கள் பாதிக்கு மேல் வாடகைக்கு இருப்பவர்களாகத்தான் எனக்குத் தெரிகிறார்கள்.

இலங்கைக்கும் நமக்கும் இதில் ஒரு கொடுக்கல் வாங்கல்கூட நடந்துகொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தை ஒட்டிய நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் சூரியன், காற்று, பெட்டரி சேர்ந்த கலப்பு மின்நிலையங்கள் இந்திய அரசின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் அமைகின்றன. 2024 மார்ச்சில் வேலையை ஏற்றது பெங்களூரு நிறுவனம் ஒன்று. நிலக்கரி ஆலை வரவிருந்த சம்பூரில் 2025 ஏப்ரலில் சோலாருக்கு அடிக்கல் நாட்டினார்கள். இந்திய வரிப் பணம் கடல் தாண்டிப் போய்ப் பசுமையாகிறது. அதில் தவறில்லை. ஓசூர் வட்டாரத்துக்கும் அதே அக்கறை வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இரண்டு நாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு என் தீர்ப்பு இலங்கையின் சட்டத்துக்கும் தமிழ்நாட்டின் 2012 கொள்கைக்கும் சாதகமானது, இரண்டின் நடைமுறைக்கும் எதிரானது. தனி நிதியம் வேண்டும் என்று இலங்கை எழுதியது சரி. அதை நிரப்பாமல் விட்டது தவறு. யார், எவ்வளவு, எதற்கு என்று தமிழ்நாடு வெளிப்படையாகச் சொன்னது சரி; தீர்ப்பாயத்தில் தோற்றபின் அதே விஷயத்தைச் சட்டத்தில் நிற்கும்படி திரும்ப எழுதாமல் விட்டது தவறு.

தமிழ்நாட்டு மின்கட்டண மாற்றத்துக்கு முன் ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்கிறது. 2022-ல் கோவை, மதுரை, சென்னையில் நேரில் கேட்டார்கள், ஓசூருக்கு வரவில்லை. இலங்கையில் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மாகாணம் மாகாணமாகப் போய்க் கேட்கிறது, அது நாம் கற்க வேண்டியது. நேரில் போக முடியாதவர்கள் எழுத்தில் அனுப்பலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. பாகலூர், பேரிகை, ஓசூர் சிப்காட்டில் பட்டறை வைத்திருக்கிறவர்கள் அடுத்த அறிவிப்பு வரும்போது இரண்டு கோரிக்கை எழுதி அனுப்புங்கள்: என் பில்லில் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு எத்தனை பைசா போகிறது என்று தனி வரியில் அச்சிடுங்கள், வலையமைப்புக் கட்டணமாக எங்களிடம் வாங்கியதில் எங்கள் வட்டத்தில் என்ன செய்தீர்கள் என்று ஆண்டுக்கொரு முறை சொல்லுங்கள். சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் போதாது, ஒவ்வொரு சர்வீஸ் எண்ணுக்கும் ஒரு கடிதம் போகட்டும்.